முதுகில் எழுதின பேரு

"திரும்பு"ங்கா. ஒத்த வார்த்தை. ஏட்டி கிடையாது, கோமு கிடையாது, வெறும் திரும்பு. நானும் திரும்பி நிக்கேன். வேற என்ன செய்ய? இந்த வெள்ளை உடுப்புக்குள்ள தானா ஏறித் தானா மூட முடியாது. தலைமூடியை இழுத்துவிட, கழுத்துல டேப் ஒட்ட, கிளவுஸுக்கும் கைக்கும் நடுவுல தோல் தெரியுதான்னு பாக்க இன்னொரு ஆளு வேணும். அதுக்காக ஜோடி ஜோடியா பிரிச்சு விட்டிருக்காங்க. போன வருஷம் கொரோனா வந்த புதுசுல நாங்களே கேட்டு வாங்கின ஜோடி இது, நானும் பெனிட்டாவும். ரெண்டு பேரும் மெடிசின் பி.ஜி., ஒரே ரூம், ஒரே வாளி, ஒரே சார்ஜர். இப்போ போய் ஜோடியை மாத்துங்கன்னு கேட்டா அதுக்கும் ஒரு பேரு வச்சிருவாங்க, பாத்தீங்களா, அந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்லன்னு சொன்னோம்லான்னு. அதனால வாயை மூடிக்கிட்டு நிக்கேன். அவ பின்னால நிக்கா. அவ மூச்சு விடுறது எனக்குக் கேக்குது. இந்த ரூம்ல ஃபேன் போடக்கூடாது, ஏசியும் கிடையாது, வேர்வை இப்பவே முதுகுத்தண்டுல இறங்குது, உள்ள போகும் முன்னாடியே நனைஞ்சாச்சு. அவளுக்கு நான் முதல்ல எல்லாம் போட்டு முடிச்சிட்டேன். மார்க்கர் பேனாவை எடுத்து அவ முதுகுல பேரும் எழுதிட்டேன். உள்ள போனா எல்லாரும் ஒண்ணுபோல வெள்ளையா இருப்போம், கண்ணாடி வேற மூச்சுல மூடிரும், முதுகுல இருக்கிற பேரை வச்சுத்தான் யாரு டாக்டர், யாரு நர்ஸ், யாரு கோமதி, யாரு பெனிட்டான்னு தெரியும். எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்னுச்சு. துரோகின்னு எழுதிவிட்டா என்ன? அவளுக்கா தெரியப் போகுது, முதுகைத் தன் கண்ணால பாக்க யாரால முடியும், டியூட்டி முடியுத வரைக்கும் துரோகி டாக்டர், இங்க வாங்க, துரோகி டாக்டர், இந்த டிரிப் ஓடலைன்னு கூப்பிடட்டுமே. எழுதல. பெனிட்டான்னுதான் எழுதினேன், அழகா, பெரிசா. போன வருஷமெல்லாம் நாங்க எழுதாத எழுத்தா. "மாப்பிள்ளை தேவை"ன்னு எழுதியிருக்கேன் இவ முதுகுல. அது தெரியாம வார்டு முழுக்கச் சுத்திட்டு வந்தா, ஒரு தாத்தா ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ள சிரிச்சு சிரிச்சு இருமி, அப்புறம் அதுக்கு நாங்க ரெண்டு பேரும் பயந்து, அய்யோ, அந்த நாளெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

"சாப்பிட்டியா?"ன்னு கேக்கா. என்ன அக்கறை, சாப்பிட்டியாம். நான் சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டி என்ன, வேணும்னா அதையும் கொண்டு போய்ச் சீஃப்கிட்டச் சொல்லு, சார், கோமதி இன்னைக்கு ரெண்டு இட்லி மிச்சம் வச்சுட்டான்னு. அன்னைக்கு மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தோம். நல்ல வெயில். நான் வார்டு போனைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் ஆனா ஒவ்வொரு நோயாளி வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லணும்லா, உங்கப்பாவுக்கு ஆக்சிஜன் இவ்வளவு, உங்கம்மாவுக்குக் காய்ச்சல் இல்லன்னு, அந்த வேலை என் தலையில. சாப்பிட்டாங்களாம்மா, எங்களைக் கேட்டாங்களாம்மா, கொஞ்சம் போனைக் காதுல வைங்கம்மான்னு அங்கிருந்து கேப்பாங்க. காதுல வச்சா கேக்குத நிலைமையிலயா இருக்காங்க? ஆனாலும் வைப்பேன். இறந்தவங்க வீட்டுக்கும் நான்தான் போன் போடணும். போனை எடுத்ததும் அவங்க ஹலோ சொல்ல மாட்டாங்க, ஆஸ்பத்திரி நம்பரைப் பாத்ததுமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க, அந்த மூச்சு, அது எனக்குத் தூக்கத்துலயும் கேக்குதுட்டி, அந்த ரிங்டோன் குளிக்கும்போதும் கேக்குதுட்டின்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே இருக்கும்போது இன்னொண்ணும் வாயில வந்துருச்சு. சாகணும்னு எல்லாம் இல்ல, ஆனா ராத்திரி படுத்தா காலையில முழிக்காம இருந்தா நல்லாருக்கும்னு தோணுதுட்டி. தினமும் தோணுது. யார்கிட்டயும் சொன்னதில்ல. ஈரத்துணி கையில இருந்துச்சு, பிழிஞ்சதையே பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். இவ கையைப் பிடிச்சா. "யார்ட்டயும் சொல்லிராதட்டி"ன்னேன். "மாதா மேல சத்தியமாச் சொல்ல மாட்டேன்"னா. கழுத்துச் செயினை வெளிய எடுத்து அந்தச் சிலுவையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. நானா சத்தியம் கேட்டேன்? அவளே செஞ்சா. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. கேக்காத சத்தியத்தை எதுக்குட்டி செஞ்ச? துணி காயுத முன்னாடி சீஃப்கிட்டப் போய்ச் சொல்லியிருக்க. எதுக்கும் என் பக்கம் நிப்பான்னு நினைச்ச ஒரே ஆளு நீ, உன்னைத் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது, அப்போ யாரு சொல்லியிருப்பா, அந்த மாடித் தண்ணித் தொட்டியா?

மறுநாள் காலையில மீட்டிங். டிபார்ட்மென்ட் மொத்தமும் உக்காந்திருக்கு, ஜூனியர், சீனியர், ஹவுஸ் சர்ஜன் பசங்க, காபி கொண்டு வந்த அண்ணாச்சி வரைக்கும். தெய்வநாயகம் சார் எங்க சீஃப், நல்ல மனுஷன்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்லியிருக்கேன், சொன்ன வாயில போடணும். கேஸ் எல்லாம் பேசி முடிச்சு எந்திரிக்கப் போறவரு, ஏதோ மறந்ததை ஞாபகம் வந்த மாதிரி, "ஆங், கோமதி, உனக்கு என்னமோ டிப்ரஷனாமே? ஏம்மா, நாங்க எல்லாம் பாக்காததா? யோகா பண்ணு, பிராணாயாமம் பண்ணு, கண்டதை நினைக்காத"ன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, அன்பாத்தான் சொன்னாரு, அந்த அன்பைக் கொண்டு போய்க் குப்பையில போட. எல்லாத் தலையும் திரும்புச்சு. மாஸ்க் போட்டிருந்தாலும் கண்ணு தெரியும்லா, அத்தனை கண்ணும் தெரிஞ்சுது. இவ மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இத்தனைக்கும் போன மாசம் ஆன்லைன்ல ஒரு கூட்டம் வச்சாங்க, மனசுவிட்டுப் பேசுங்க, எதுவும் வெளிய போகாது, நாங்க இருக்கோம்னு. ஒருத்தர் வந்து கண்ணை மூடிக் கடற்கரையை நினைச்சுக்கச் சொன்னாரு, நினைச்சோம், பாதிப் பேர் தூங்கிட்டோம், குறட்டைச் சத்தம் கேட்டு அவரே முடிச்சுக்கிட்டாரு. மனசுவிட்டுப் பேசினா இதுதான் நடக்கும்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

அதோட விட்டாரா மனுஷன்? அப்பாவுக்கு போன். எங்கப்பா கண்டக்டர். சங்கரன்கோவில்ல இருந்து பைக்குல வந்துட்டாரு, இ-பாஸ் வாங்கி, வழியெல்லாம் போலீஸுக்குக் காட்டிக் காட்டி. ஹாஸ்டல் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். கிட்ட வராதீங்கப்பான்னேன், நான் கோவிட் வார்டுல இருந்து வந்திருக்கேன்னு. அந்தாளு வெயில்ல நின்னு அழுதாரு. "எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா தாயி, யாரோ ஒருத்திகிட்டச் சொல்லியிருக்க, எவனோ ஒருத்தன் போன்ல சொல்லி நான் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு"ன்னாரு. அவரு முகத்துல இருந்ததும் நான் சுமந்துக்கிட்டு அலையுத அதே கோவந்தான். வா, படிச்சது போதும், வீட்டுக்குப் போவோம்னாரு. போயிருவேன். போனா படிப்பும் போச்சு, அத்தை ஊரெல்லாம் சொல்லுவா, காலாகாலத்துல கல்யாணம் பண்ணி வச்சிருந்தா இது வந்திருக்குமான்னு. முதல்ல சீஃப் லீவு குடுக்கணும்லா! அதுதான் இதுல பெரிய கூத்து. பைத்தியம்னு ஊரைக் கூட்டிச் சொன்னாரே, அப்போ லீவாவது குடுக்கணும்லா? கிடையாது. ஆளு இல்லம்மா, டியூட்டியை மட்டும் விட்றாதன்னாரு. பைத்தியமாவே வா, பைத்தியமாவே போ, டியூட்டியை மட்டும் பாத்துரு. அன்னையில இருந்து வார்டுல மருந்து அலமாரிச் சாவி எனக்குக் கிடையாது. நர்ஸுக பத்தாத ஊர்ல டாக்டரே சாவியை வாங்கித் தொறந்து எடுத்து ஊசி போட்டுக்கிடுவோம், எல்லாருக்கும் அதுதான் வழக்கம். நான் கேட்டா மட்டும் ராஜகனி சிஸ்டர் கையை முதுகுக்குப் பின்னால கொண்டு போயிருவாங்க, "இருங்க டாக்டர், நானே வாரேன்"பாங்க, வர மாட்டாங்க, அவங்களுக்கு அங்கன ஆயிரம் வேலை. நோயாளி துடிச்சுக்கிட்டுக் கிடப்பாரு, நான் எதுத்த ஹாலுக்கு ஓடி, பேச்சே இல்லாத இவளைக் கையசைச்சுக் கூப்பிட்டு, இவ வந்து சாவி வாங்கி, சீ, என்ன பொழப்பு. அலமாரியைப் பாத்தாலே எனக்கு இப்போ வேற என்னமோ தோணுது. முன்னாடி அது வெறும் அலமாரி. சாவியை ஒளிச்சு ஒளிச்சு அவங்கதான் எனக்கு அதைக் காட்டிக் குடுத்தாங்க.

பேனா முதுகுல ஓடுது. மெதுவா, நின்னு நின்னு ஓடுது. இவ கை இவ்வளவு மெதுவா எழுதாதே, மூணே எழுத்துக்கு எதுக்கு இவ்வளவு நேரம். சீக்கிரம் விடுட்டின்னு கத்தணும் போல இருக்கு. கத்தல. நடுவுல பேனா நழுவிக் கீழ விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்து மறுபடி எழுதுதா. "முடிஞ்சுது"ங்கா. திரும்பிப் பாக்கேன். கண்ணாடிக்குள்ள கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடக்கு, சிவந்து போய். குத்தமுள்ள நெஞ்சு, அதான் தூக்கம் வரல, நல்லா வேணும். என்னமோ சொல்ல வாரா, மாஸ்க் அசையுது, நான் கதவைத் தள்ளிட்டேன். அவ அந்தப் பக்க ஹாலுக்கு, நான் இந்தப் பக்கத்துக்கு.

உள்ள வந்ததும் அந்த வாசனை. பிளீச்சிங் பவுடர், வேர்வை, தொண்டையில வந்து உக்காந்துக்கிடும். ஆக்சிஜன் புஸ்ஸுன்னு ஓடுத சத்தம், கட்டில் கட்டிலா. ஒண்ணு சொல்லணும், யார்ட்டச் சொல்ல. இன்னைக்குக் காலையில முழிச்சப்போ, முழிக்காம இருந்திருந்தா நல்லாருக்கும்னு தோணினது மட்டும் இல்ல. இதுக்கு முன்னாடி அது ஒரு ஆசை மாதிரி வந்துட்டுப் போகும். இன்னைக்கு அது ஒரு முடிவு மாதிரி உக்காந்திருந்துச்சு. பல் தேய்க்கும்போதும் இருந்துச்சு. அது எனக்குப் பயமா இருக்கு. படிச்ச டாக்டர்லா நான், வேற யாராவது வந்து இப்படிச் சொன்னா என்ன செய்வேன், தனியா விடாதீங்கன்னு எழுதுவேன், கூட ஒரு ஆளை உக்கார வைப்பேன், மனநல டாக்டரை உடனே கூப்பிடுவேன். எனக்கு நானே எழுதிக் குடுக்க முடியுமா? சீஃப்கிட்டச் சொன்னா நாளைக்கு மீட்டிங்ல சிரிப்பாரு. அப்பாகிட்டச் சொன்னா அந்த வெயில்ல மறுபடி பைக்கை எடுப்பாரு. சொல்லணும்னா இவகிட்டத்தான் சொல்லணும், எனக்குத் தெரிஞ்சு அந்த மாதிரி விஷயத்தைக் காதுகுடுத்துக் கேக்குத மூஞ்சி இந்த உலகத்துல இவளுக்குத்தான் இருக்கு, இவகிட்டச் சொன்னதுனாலதான் இந்தக் கதியே. அப்போ அவ்வளவுதான். சொல்ல இருந்த ஒரே கதவும் அடைச்சாச்சு. என் கதவை அடைச்சதும் இவதான்.

மூலைக் கட்டில்ல சுடலைமுத்து அண்ணாச்சி மாஸ்க்கைப் பிடுங்குதாரு. லாரி டிரைவர், நல்ல ஆகிருதி, மூச்சு கிடைக்காம மூளை குழம்பி யாரையும் பக்கத்துல விட மாட்டேங்காரு. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன். "கழட்டி விடும்மா, மூச்சு முட்டுது, வண்டி நிக்குதும்மா செக்போஸ்ட்ல"ங்காரு. "கழட்டினாத்தான் முட்டும் அண்ணாச்சி, சொன்னதக் கேளுங்க, வண்டி எங்கயும் போகாது." அவரு கை என்னை ஒரு தள்ளு தள்ளுச்சு. ஊசி ஒண்ணு போட்டாத்தான் அடங்குவாரு, அமைதியா மூச்சு விடுவாரு. அதுக்குச் சாவி வேணும். சாவி. மறுபடியும் கதவு, மறுபடியும் ஓடி அவளைக் கையசைச்சு, வேண்டாம், எனக்கு முடியாது, இன்னைக்கு முடியாது. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நிக்கேன். கண்ணாடி முழுக்க மூடிருச்சு, வேர்வையா கண்ணீரான்னு எனக்கே தெரியல. அப்போ முதுகுக்குப் பின்னால ராஜகனி சிஸ்டர் குரல். "பெனிட்டா டாக்டர், இந்தாங்க சாவி."

இவ எப்போ இந்த ஹாலுக்கு வந்தான்னு திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. சிஸ்டர் மட்டும் நிக்காங்க, என் கையைப் பாத்துச் சாவியை நீட்டிக்கிட்டு. எனக்கு ஒண்ணும் ஓடல. அப்புறம்தான் அந்தப் பேனா ஞாபகம் வந்துச்சு, நின்னு நின்னு ஓடினது, நழுவி விழுந்தது. என் முதுகுல தன் பேரை எழுதியிருக்கா. லூசு. தன் பேரையே எழுதி விட்டிருக்கா. சிஸ்டர் சாவியை என் உள்ளங்கையில வச்சுட்டாங்க. கிளவுஸுக்கு மேலயும் அது தெரியுது, சின்னதா, கனமா. "நல்லவேளை டாக்டர், நீங்க இந்தப் பக்கம் வந்தீங்க. கோமதி டாக்டரா இருக்குமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். நீங்க கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னீங்கள்லா, அவ கையில மட்டும் சாவி போயிரக்கூடாதுன்னு, அன்னையில இருந்து தூங்கும்போதும் எனக்கு அதே நினைப்புதான்."

அப்போ சாவிக்கும் நீதானா. சீஃப்கிட்ட மட்டும் இல்ல, சிஸ்டர்கிட்டயும் நீதான். இன்னும் யார் யார்கிட்டட்டி சொல்லியிருக்க, வாட்ச்மேன்கிட்டச் சொன்னியா, மெஸ் அக்காகிட்டச் சொன்னியா? சிஸ்டர் நிறுத்தல, பெனிட்டாகிட்டப் பேசுதோம்னு நினைச்சு மெதுவாப் பேசிக்கிட்டே வாராங்க. "பெரிய டாக்டர்கிட்டச் சொன்னா லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்புவாரு, வைத்தியம் பாப்பாங்கன்னுதான நீங்க போனீங்க. அவரு இப்படிக் கூட்டத்துல போட்டு உடைப்பாருன்னு யாரு கண்டா. நீங்க எத்தனை நாளைக்குத்தான் அவ தூங்குறதைப் பாத்துக்கிட்டே முழிச்சுக் கிடப்பீங்க? நேத்தே பாத்தேன், உங்க கண்ணு எப்படி வீங்கியிருந்துச்சுன்னு. அவகிட்டப் பேசிருங்க டாக்டர்." அலமாரியைத் தொறந்தேன். அண்ணாச்சிக்கு வேண்டியதை எடுத்தேன், அதை மட்டும். ஊசி போட்டேன். அவரு மெல்ல அடங்கி, மாஸ்க்கை விட்டாரு, செக்போஸ்ட்டைத் தாண்டியிருப்பாரு போல. அப்புறமும் அலமாரி தொறந்துதான் கிடக்கு. சாவி என் கையிலதான். சிஸ்டர் அந்தப் பக்கம் ஒரு டிரிப்பைச் சரி பண்ணிக்கிட்டு இருக்காங்க, இங்கன பாக்கல. யாரும் பாக்கல.

தூங்குறதைப் பாத்துக்கிட்டு முழிச்சுக் கிடந்தாளாம். அந்தத் தூக்கக் கலக்கத்துலதான் என் முதுகுல பேரு மாறியிருக்கு. எனக்கு அவ மேல இருந்த கோவம் குறையல, அதைச் சொல்லிருதேன். அழுதா சரியாப் போச்சா? கும்பிட்டா சரியாப் போச்சா? எங்கிட்ட வந்து அழுதிருக்கலாம்லா, கோமு, உன் சத்தியத்தை மீறப் போறேன், என்னால இதை ஒத்தையில சுமக்க முடியலன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், பல்லைக் கடிச்சிருப்பேன், ஆனா தெரிஞ்சிருக்கும்லா. என் முதுகுக்குப் பின்னால நடந்தது எல்லாம் நடந்ததுதான், அதை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் இந்தச் சாவி. இது இவ்வளவு நேரம் என் கையில இருக்கக்கூடாது. காலையில இருந்து உக்காந்திருந்தது இப்போ எந்திரிச்சு நிக்குது, எனக்கு நல்லாத் தெரியுது, டாக்டர்லா நான். அலமாரியைப் பூட்டினேன். ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன். சிஸ்டர்கிட்டப் போனேன்.

"சிஸ்டர்"ன்னேன். மாஸ்க்குக்குள்ள என் குரல் எனக்கே யாரோ குரலாக் கேக்குது. சாவியை அவங்க கையில வச்சு, அவங்க விரலை நானே மடக்கி மூடினேன். "கோமதி வந்து கேட்டா குடுக்காதீங்க. என்ன கோவப்பட்டாலும் குடுக்காதீங்க. இன்னைக்குக் கண்டிப்பா குடுத்துராதீங்க. அவளைத் தனியாவும் விடாதீங்க."

சிஸ்டர் கண்ணாடிக்குள்ள இருந்து என்னைப் பாக்காங்க. "ஏன் டாக்டர், அந்தப் பிள்ள ரொம்ப மோசமாவா இருக்கா?"

"ஆமா சிஸ்டர்"ன்னேன். "ரொம்ப மோசமா இருக்கா."